முட்டைப்பூ

மாரியம்மன் பண்டிகைக்கு, குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் ரஞ்சனி வராமல் போனதுவரை உங்களுக்குத் தெரியும். "இங்க தறியில வேலை அதிகமுங்கம்மா" என்று போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அம்மா தங்கமணி அடுப்படியில் நின்று முந்தானையில் மூக்கைச் சிந்தியதும், அப்பா சின்னண்ணன் ஒன்றுமே நடக்காதவர் போலக் கோழிகளுக்குத் தீவனம் போடப் போனதும் போன வாரத்துக் கூத்து.

இந்த வாரம் அதைவிடப் பெரிய கூத்து. தலைதீபாவளி அழைப்பு.

கல்யாணம் முடிந்து வரும் முதல் தீபாவளிக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். போனில் சொன்னால் ஆகாது. குமாரபாளையத்துச் சம்பந்தி வீட்டில் இதையெல்லாம் கறாராகப் பார்ப்பார்கள். அதனால் விடிந்ததிலிருந்து தங்கமணி வீட்டுக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

சின்ன மகள் தனப்பிரியாவுக்கோ எதைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அதை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, அந்தப் பொட்டிய மூடி வெச்சுட்டுக் கெளம்பறயா இல்லையா?"

"அம்மா, எத்தனவாட்டி சொல்றது? இன்னைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. நான் வர முடியாது."

"உன்ற அக்காவப் பாக்கறத விட அப்பிடி என்ன பெரிய ரிவ்யூ?"

"அவளுக்கு என்னயப் பாக்கோணும்னு இருந்தா அவளே வந்திருப்பா. பண்டிகைக்கு வந்தாளா? நான் போட்ட மெசேஜுக்கு ஒரு பதில் போட்டாளா? மகாராணி."

"வாயக் கழுவு. நல்ல நாளும் அதுவுமா!"

தனப்பிரியாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. கல்லூரியில் வலைத்தள வடிவமைப்புக்கு ஆளுக்கு ஒரு தலைப்பு எடுக்கச் சொன்னபோது, காகிதக் கைவினையை எடுத்துக்கொடுத்ததே ரஞ்சனிதான். காகிதம் கையில் கிடைத்தால் போதும், ரஞ்சனி அதைக் கிளியாக்குவாள், தாமரையாக்குவாள், ஆரத்தித் தட்டாக்குவாள். "நீ தைரியமா எடு அம்மிணி, போட்டோ வேணுமா, செய்முறை வேணுமா, எல்லாம் நான் தாரேன்" என்று கல்யாணப் பந்தலிலேயே சத்தியம் செய்தவள், குமாரபாளையம் போய்ச் சேர்ந்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். நம்பி இறங்கியவள் நடுத்தண்ணீரில் நின்றாள்.

வாசலில் கார் ஹாரன் அலறியது.

"விட்டுத் தொலை தங்கமணி!" என்று சின்னண்ணன் அங்கிருந்தே கத்தினார். "படிக்கற புள்ள. போற வழியில காலேஜுல எறக்கி உட்டுட்டுப் போறன். வா சாமி, ஏறு."

காரில் அம்மாவின் மடியில் ஒரு பெரிய பை. மாப்பிள்ளை ஜெகதீஸ்வரனுக்கு வேட்டி சட்டை. ரஞ்சனிக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு. சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது.

"இந்தக் கலரு அவளுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இல்லீங்க?" என்று தங்கமணி கணவரிடம் கேட்டாள்.

"போற வழி பூராவும் இதையே கேப்பியா நீ?" என்றார் சின்னண்ணன். ஆனால் கண்ணாடியில் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

பெண்ணைப் பார்க்கப் போகிற சந்தோஷம் இருவருக்கும். அதைப் பார்க்கப் பார்க்கத் தனப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது. கல்லூரி வாசலில் இறங்கிக் கார்க் கதவை அறைந்து சாத்தினாள்.

ரிவ்யூ காலையிலேயே நடந்தது. நடந்தது என்று சொல்வதைவிட நாறிப்போனது என்று சொல்வதே பொருத்தம்.

அவளுடைய வலைத்தளம் செய்ய வேண்டிய வேலை இதுதான். இணையத்தில் யார் எங்கே காகிதக் கைவினை பற்றிப் புதிதாக எழுதினாலும், வீடியோ போட்டாலும், அந்தந்தத் தளத்தின் ஃபீடிலிருந்து அதைத் தானாக இழுத்து வந்து ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்ட வேண்டும். எதை இழுப்பது, எதை விடுவது என்று அதற்குச் சில சொற்களைக் கொடுத்திருந்தாள். கூட்டாளி நித்யஸ்ரீ ராசிபுரத்துப் பெண். பக்கத்துக்கு ரோஸ் நிறம் அடித்ததோடு தன் பங்கு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

தொல்லை தமிழில் இருந்தது. காற்றாடிக்காகப் 'பட்டம்' என்று கொடுத்தால் ஆடிப்பட்டத்துக்கு மக்காச்சோளம் விதைப்பது பற்றி வந்து விழுந்தது. கூடவே கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்குகிறவர்களின் போட்டோக்கள். 'காகிதப் பூ' என்று கொடுத்தால் நர்சரிக்காரர்கள் போகன்வில்லாச் செடியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 'மடிப்பு' என்றால் சேலைக்கு மடிப்பு வைத்து அயர்ன் பண்ணும் வீடியோக்கள். அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் களையெடுத்து, பக்கம் ஒருவழியாகச் சுத்தமாகிவிட்டது என்று முந்தின நாள் நிம்மதியாகப் படுத்தாள். படுக்கும் முன் ஆசையாக ஒன்றைச் சேர்த்தாள்: முட்டை அட்டை.

நாமக்கல் பக்கத்துப் பண்ணை வீட்டில் பிறந்தவளுக்கு முட்டை அட்டை என்பது ஒரே பொருள், ஒரே சொல். முட்டை அடுக்குகிற காகித அட்டை. அதை வெட்டி ஒட்டிக் கைவினை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் புரோகிராமுக்குப் பண்ணை தெரியுமா? இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட மறந்துவிட்டாள். அது முட்டையைத் தனியாகவும் அட்டையைத் தனியாகவும் தேடிக்கொண்டு போயிருந்தது.

புரொஜெக்டர் திரையில் பக்கம் விரிந்தது. அருணகிரி சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல என்ன வந்திருக்குது? சத்தமாப் படிம்மா."

தனப்பிரியா திரையைப் பார்த்துப் படித்தாள். "நாமக்கல் மண்டலத்தில்... முட்டை விலை உயர்வு சார்."

வகுப்பு குலுங்கியது.

"அடுத்தது?"

"குடும்ப அட்டையில் பெயர் நீக்குவது எப்படி?"

"பேஷ். அதுக்கடுத்தது?"

"கொல்லிமலைக்குப் போறவங்களுக்கு... அட்டை கடிச்சா உடனே செய்ய வேண்டியது சார்."

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. பின்வரிசையில் ஒருவன் மேசையைத் தட்டிச் சிரித்தான். அருணகிரி சார் மட்டும் சிரிக்கவில்லை.

"இது பேப்பர் கிராஃப்ட் சைட்டா, பஞ்சாயத்து ஆபீசு நோட்டீஸ் போர்டா? ஊருல இருக்கற அத்தனையும் இருக்குது, பேப்பரத் தவிர. சாயங்காலம் பெல் அடிக்கறதுக்குள்ள உருப்படியா ஒண்ணாச்சும் வரோணும். இல்லைன்னா இந்த ரிவ்யூவுக்கு உனக்கு மார்க் கெடையாது, சொல்லிப்போட்டேன்."

எல்லோரும் சாப்பிடப் போனபிறகும் தனப்பிரியா லேபில் உட்கார்ந்திருந்தாள். மேற்கோள் குறி போட்டாள். முட்டை விலை போயிற்று, அட்டைப்பூச்சி போயிற்று, கூடவே இருந்தது எல்லாமும் போய்ப் பக்கம் வெறும் ரோஸ் நிறத்தில் பல்லிளித்தது. குறியை எடுத்தாள். குப்பை திரும்பி வந்தது. போட்டாள், எடுத்தாள். ஒன்று குப்பை, இல்லையென்றால் சூனியம். லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று இருந்தது.

"சோறாச்சும் தின்னுட்டு வரலாம் வாடி" என்றாள் நித்யஸ்ரீ.

"நீ போய்த் தின்னு. உனக்கென்ன, ரோஸ் பெயின்ட் அடிச்சாச்சு."

"என்ற மேல ஏன் எரிஞ்சு உளுகறே? உங்கக்கா குடுக்கறேன்னு சொன்னதைக் குடுத்திருந்தா இந்தப் பாடு எதுக்கு?"

அக்காதான். எல்லாம் அக்காவால்தான். தனப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாக ஒரு சொல்லைத் தட்டினாள். முட்டைப்பூ.

இந்த உலகத்தில் அந்தச் சொல் தெரிந்தவர்கள் அவர்கள் வீட்டில் மட்டும்தான். உடைந்த முட்டை அட்டைகளை ரஞ்சனி சின்ன வயதில் குழி குழியாக வெட்டி, சாயம் தோய்த்து, ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிப் பூவாக்குவாள். அதற்குத் தனப்பிரியா வைத்த பெயர். எதுவும் வராது என்று தெரிந்தேதான் தட்டினாள். வராததை நிரூபித்து அக்காவைத் திட்டிக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

ஒன்று வந்தது.

ஒரே ஒரு வீடியோ. சேனலின் பெயரே முட்டைப்பூ. இந்த வாரம் போட்டது. முகம் இல்லை. ஒரு மேசை, இரண்டு கைகள், சாம்பல் நிற முட்டை அட்டை ஒன்று.

"வணக்கமுங்க. இன்னைக்கு முட்டைப்பூ செய்யலாமுங்க."

தனப்பிரியா சத்தத்தைக் கூட்டினாள். அக்காவின் குரல். அக்காவின் கை. பண்ணைக் கம்பி கிழித்த இடது கட்டைவிரல் நகம், அதே கோணலோடு.

முதலில் வந்தது கோபம்தான். எனக்குப் பதில் போட நேரமில்லை, வீடியோ போட மட்டும் நேரம் இருக்கிறதா? அடுத்த நொடியில் கோபம் பாதியிலேயே நின்றது. என்னவோ சரியில்லை. மறுபடியும் ஓடவிட்டாள். மறுபடியும்.

தறிச் சத்தம் இல்லை.

ஜெகதீஸ்வரன் மாமா வீட்டில் பின்கட்டு முழுக்கத் தறி. அங்கே காபி கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டின் எந்த மூலையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தாலும் அந்தச் சத்தம் விழாமல் இருக்காது. இதில் இல்லை. சுவருக்குப் பச்சைச் சுண்ணாம்பு. அந்த வீட்டில் பச்சைச் சுவரே கிடையாது. அக்கா பூவைப் பசை போட்டு ஒட்டி, "கொஞ்சம் பொறுங்க, பசை காயோணும். அவசரப்பட்டா இதழு கையோட வந்துரும்" என்று சொல்லி முடித்ததும், தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கி, சேலம் சந்திப்பு என்று தெளிவாக விழுந்தது.

சூரமங்கலம். ஜங்ஷனுக்குப் பக்கத்துத் தெரு ஏதோ ஒன்று. குமாரபாளையம் எங்கே, சூரமங்கலம் எங்கே?

"அட, வந்திருச்சே!" என்று துள்ளினாள், அப்போதுதான் திரும்பி வந்த நித்யஸ்ரீ. "பேப்பர் பூவு! சொக்கத் தங்கம்டி. இரு, சாரைக் கூட்டியாரேன்."

"நித்யா, வேண்டாம், நில்லு..."

அவள் எங்கே நிற்கிறாள்? ஓடியே போய்விட்டாள்.

தனப்பிரியா அக்காவுக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அடித்தாள். அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்து நெஞ்சில் இடித்தது. வழியில் பூ, பழம், பலகாரம் வாங்கிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் தட்டோடு போய்க்கொண்டிருப்பது அக்கா இல்லாத வீட்டுக்கு. தடுக்க வேண்டும். அம்மாவின் எண்ணைத் தேடுவதற்குள் அம்மாவே கூப்பிட்டுவிட்டாள்.

"சாமி, நாங்க வந்து சேந்துட்டம்..." அம்மாவின் குரலுக்குப் பின்னால் தறிகள் தடதடவென்று அடித்தன. யாரோ அறைக் கதவைச் சாத்தியதும் சத்தம் கொஞ்சம் தணிந்தது. "இங்க பாரு, கூத்த. மாப்பிள்ளை கேக்கறாரு, ரஞ்சனிய ஏன் கூட்டிட்டு வரலைன்னு. அவ உன்ற ப்ராஜெக்ட்டுக்கு ஒத்தாசை பண்ணோணும்னு சொல்லிட்டு நம்மூட்டுக்கு வந்து வெகு நாளாச்சாமா. அவ உங்கூடக் காலேஜுக்கு வந்திருக்கறான்னு சொல்லிட்டேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன். சம்பந்தியம்மா இருக்கறாங்க, மாப்பிள்ளை இருக்கறாரு, உங்கப்பா இருக்கறாரு. அக்கா உங்கூடத்தான சாமி இருக்கறா?"

என் ப்ராஜெக்ட்டுக்கு ஒத்தாசை! ஒரு காகிதத்துண்டு கொடுத்து உதவாதவள், அதே ப்ராஜெக்ட்டைச் சொல்லி வீட்டை விட்டுப் போயிருக்கிறாள். இங்கே கேட்டால் அங்கே இருக்கிறாள், அங்கே கேட்டால் இங்கே இருக்கிறாள். அக்காவைக் கழுத்தை நெரிக்கலாம் போலவும், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது தனப்பிரியாவுக்கு.

இல்லை என்று சொன்னால் அந்த நிமிடமே அப்பா சம்பந்தி முன்னால் தலைகுனிந்து நிற்பார். அதோடு முடியாது. அக்கா ஏன் போனாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கே போனாள், யாரோடு போனாள் என்றுதான் கேட்பார்கள்.

"ஆமாம்மா" என்றாள். "இங்கதான் இருக்கறா. காலேஜுக்குக் கூட்டிட்டு வந்திருக்கறேன்."

"அப்பிடியா புள்ள?" இது சம்பந்தியம்மாவின் குரல். "அப்ப அவகிட்டப் போனைக் குடு. ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

தனப்பிரியா திரைக்குத் திரும்பினாள். லேப்டாப்பில் வீடியோவைப் பசை ஒட்டும் இடத்துக்கு இழுத்தாள். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"ரஞ்சனி, கண்ணு!" என்று கூப்பிட்டாள் அம்மா.

"கொஞ்சம் பொறுங்க, பசை காயோணும். அவசரப்பட்டா இதழு கையோட வந்துரும்."

ஒலிபெருக்கி தொடங்குவதற்கு முன் பட்டென்று நிறுத்தினாள்.

"கையெல்லாம் பசைம்மா. அவ அப்பறம் பேசறாளாமா."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. ஜெகதீஸ்வரன் மாமாவாக இருக்க வேண்டும். "வேலையில எறங்கிட்டா அவ இந்த ஒலகத்துலயே இருக்க மாட்டா, விடுங்கத்தை" என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாமல் தப்பிவிட்டாள் தனப்பிரியா. தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் மறுபடி போன். அம்மா. இந்தமுறை தறிச் சத்தமே இல்லை. தெருவுக்கு வந்திருக்கிறாள்.

"அது அவ இல்ல. இல்லையா சாமி?"

"அம்மா... அக்கா குரல்தானம்மா அது."

"குரலு அவளுதுதான். நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? கண்ணுன்னு கூப்புட்டனே, காதுல உளுந்துச்சா உனக்கு? எம்புட்டுக் கோவத்துல இருந்தாலும் நான் கண்ணுன்னு கூப்புட்டா 'என்னம்மா'ங்காம இருந்ததில்ல என்ற புள்ள. அவ பாட்டுக்குப் பசையப் பத்திப் பேசறா."

தனப்பிரியா எழுந்து லேபின் கதவைச் சாத்தினாள்.

"எங்க இருக்கறா?"

"சூரமங்கலம்னு நெனைக்கறேன். அவ ஒரு வீடியோ போட்டிருக்கறா. அதுல ஜங்ஷன் மைக்கு கேக்குது."

"நல்லா இருக்கறாளா?"

அவள் திரையைப் பார்த்தாள். முதல்முறையாக அந்தக் கைகளை நன்றாகப் பார்த்தாள். கல்யாணத்தில் எண்ணெய் தடவி இழுத்துப் போட்ட வளையல், இப்போது முழங்கை வரைக்கும் சரிந்து தொங்கியது.

"தெரியலம்மா" என்றாள். அதில் பொய்யே இல்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. நீ அங்க அழுது, நான் இங்க அழுதா ஊரே கூடிரும்." அம்மாவின் குரலும் உடைந்துதான் இருந்தது. "உள்ள காப்பி போட்டு வெச்சிருக்கறாங்க. நான் போய்ச் சிரிச்சுப் பேசிட்டு வாரேன். உங்கப்பா அந்தக் குரலை நம்பி அவ உங்கூடத்தான் இருக்கறான்னு நெனைச்சுட்டாரு; அவருக்கு இது இப்பத் தெரிய வேண்டாம், மனுசன் இங்கயே உளுந்துருவாரு. நம்மூட்டுல இருக்கற புள்ளைக்கு இங்க எதுக்குச் சேலைன்னு சம்பந்தியம்மா பட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க சாமி. மடியிலயே வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். நாளைக்கு நீயும் நானும் சூரமங்கலம் போறோம். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடாத. சரியா?"

"சரிம்மா."

கதவு திறந்தது. நித்யஸ்ரீ வாயெல்லாம் பல்லாக முன்னால் வர, பின்னால் அருணகிரி சார், அவருக்கும் பின்னால் சாப்பிட்டு முடித்த பாதி வகுப்பு.

"என்னமோ பிரமாதமா வந்திருக்குதாமே! புரொஜெக்டர்ல போடும்மா. காலையில சிரிச்சவங்க எல்லாரும் பாக்கட்டும்."

வகுப்பில் பலர் குமாரபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அக்காவின் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அந்தக் குரலை ஒருத்தி அடையாளம் கண்டுவிட்டாலே போதும், கடைசி பஸ் ஊர் போய்ச் சேரும் முன் சேதி சம்பந்தியம்மாவின் காதுக்குப் போய்விடும்.

தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தாள். முட்டைப்பூ என்ற சொல்லை அழித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள்.

திரை முழுக்க வெறும் ரோஸ்.

"ஐயோ, இப்பத்தானடி இருந்துச்சு!" என்று அலறினாள் நித்யஸ்ரீ. "சார், என்ற கண்ணால பாத்தேன் சார், பூவு..."

அருணகிரி சார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது?"

"ஒண்ணும் வரலீங்க சார்" என்றாள் தனப்பிரியா.